ஏணி

ஒராசியோ இறந்த மூன்றாம் நாள் இரவு
சமையலறை மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்து
இரங்கல் கடிதம் ஒன்று வேண்டுமென்று கேட்டேன்.

நான் ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவன்.
பாய்சாந்து நகரில் பாதி வீடுகளின் கம்ப்ரசர்கள்
என் காதுக்குத் தனித்தனிக் குரல்.
இப்போது வருகிற பெட்டிகள் முனகுவதில்லை.
ஓர் எழுத்து, ஓர் எண், சிவப்பாய் மினுக்கிவிட்டு
வாயை மூடிக்கொள்கின்றன.
அந்த எண்ணுக்கு அர்த்தம் கேட்கத்தான்
இந்தச் செயலியைப் பழகினேன்.
ரிலே, தெர்மோஸ்டாட், வாயுக் கசிவு,
எதைக் கேட்டாலும் அலுக்காமல் சொல்லும்.
மரணத்தைப் பற்றி அன்றுதான் முதல்முறை.

நொடியில் வந்தது கடிதம்.
"அவருடைய சிரிப்பொலி நம் இதயங்களில் என்றும் ஒலிக்கும்."

ஒராசியோ சிரித்ததே இல்லை.
பதினெட்டு வருடம் பக்கத்து வீடு.
எங்கள் அணி கோப்பையை வென்ற இரவில்கூட
வேலியோரம் வந்து
சத்தம் குறையுங்கள் என்றவர்.

சிரிக்கமாட்டார் என்று எழுதினேன்.
மன்னிப்புக் கேட்டது. கேட்ட வாயோடு
"அவருடைய அமைதியான புன்னகை" என்றது.

அதுவும் கிடையாது.

அப்படியானால் அவர் என்ன செய்வார் என்றது.

யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி.
மாத்தே தேநீர் ஆறிப்போயிருந்தது.
ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினேன்:
ஏணி இரவல் வாங்குவார்.
கேட்டு வாங்கமாட்டார்,
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஏணியையே பார்ப்பார்,
நானாகத் தூக்கிக் கொடுக்கவேண்டும்.
திரும்பி வரும்போது படிகள் துடைத்திருக்கும்,
நான் மிதித்த பழைய சேறும் சேர்த்து.
என் நாய்க்குத் திருட்டுத்தனமாய் எலும்பு போடுவார்.
எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.
என் மகன் ஊரைவிட்டுப் போன அன்று
ஒரு வார்த்தை பேசாமல்
என் வாசல் புல்லையும் வெட்டிவிட்டுப் போனார்.

மணி இரண்டு.
கடிதம் மறுபடி வந்தது.
ஏணி இருந்தது, நாய் இருந்தது, புல் இருந்தது.
நடுநடுவே எனக்கு வராத சொற்கள்
ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தன.
நல்ல தாளாய்ப் பார்த்து அப்படியே எழுதினேன்.
எழுத்துப்பிழைகள் மட்டும் என் கணக்கு.

சனிக்கிழமை டெல்மிரா வந்தார்,
கடிதம் ஏப்ரன் பையில் நாலாய் மடிந்து.
அழுவாரென்று பயந்தேன்.
"ஏணியை எதால் துடைத்தார்?" என்றார்.
நீலத் துணி, ஓரத்தில் மஞ்சள் கோடு.
"என் மேசைத் துணி. நாலு வருஷமாய்த் தேடுகிறேன்.
தங்கைமேல் பழி போட்டேன்."
வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.
சிரிப்பா, அழுகையா,
அந்த எண்ணுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது.

பிறகு, சாவகாசமாய்:
"காலத்தின் ஆற்றங்கரையில் என்று ஒரு வரி வருகிறதே,
அது உங்களுடையது இல்லை."
இல்லை என்றேன். காது சுட்டது.
"கொழுந்தனார் அனுப்பியதிலும் அதே கரை.
நகராட்சிக் கடிதத்திலும்.
மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறீர்கள்."

சொல்லிவிட நினைத்தேன்,
கரை அதனுடையது, ஏணி என்னுடையது என்று.
சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும்:
அது கேட்டிராவிட்டால்
ஏணி என் நினைவுக்கே வந்திருக்காது.
அதற்குக் கேட்கத் தெரிந்தது.
கேட்டோம் என்று அதற்குத் தெரியுமா?
ரெஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவர் விடைபெறவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று
என் சுவரையே பார்த்தார்.

நானாகத் தூக்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை திரும்பி வந்தது,
படிகளில் சேறு அப்படியே.